அறை வெப்பநிலையில்

படித்த காலத்தில் வேதியியல் கூடத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி,
ஐந்து குழிகள், ஐந்து பெயர்ச்சீட்டுகள்.
முதல் குழி வெறுமை:
ஃபுளோரின் தன்னை அடைத்த கண்ணாடியையே கடிக்கும் என்று
சீட்டை மட்டும் ஒட்டியிருந்தார்கள்.
அடுத்தது குளோரின், பச்சையா மஞ்சளா என்று
மாணவர்கள் சண்டை பிடித்த ஒரு குப்பிக் காற்று.
பிறகு புரோமின்: கருஞ்சிவப்பாய்த் தளும்பி
தன் தலைக்குமேல் தானே புகைந்துகொண்டு.
நான்காவதில் அயோடின், நொறுக்கிய இரும்புபோல.
கடைசிக் குழி மறுபடி வெறுமை:
அஸ்டட்டைன், எண்ணி முடிப்பதற்குள் இல்லாமல் போவது.

ஒரே குடும்பம், ஒரே அறை, ஒரே வெப்பம்;
இரண்டு வளி, ஒன்று நீர், ஒன்று கல்.
கனக்கக் கனக்க ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன
என்று தேர்வில் எழுதினாள் ஹிமேனா.

இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று.
அந்தொஃபகஸ்தா, காவல்துறை ஆய்வகம், மூன்றாம் மாடி.
ஒரு சன்னலில் பசிபிக்,
எதிர்ச் சன்னலில் மழையை மறந்த மலை.
மேசையில் ஒரு கடிதம்:
‘எனக்கு வரவேண்டிய பணம் முழுதும் பெர்னார்தாவுக்கு.
எலெயுதேரியோ சோக்கே, ஜூன் மூன்று.’
ஜூன் ஒன்பதில் மண் சரிந்து செத்துப்போனான்,
அயோடின் எடுக்கும் பாலைவனச் சுரங்கத்தில்.
இது ஆகஸ்டு கடைசி.
காப்பீட்டுக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்:
எழுதியது உயிரோடிருந்த கையா?

கண்ணாடிப் பேழைக்குள் கடிதம், அடியில் நான்கே நான்கு படிகம்.
அடுப்பு வேண்டாம், உள்ளங்கைச் சூடு போதும்.
அயோடின் உருகவே உருகாது என்று சொல்லித்தந்தது தப்பு;
பொறுமையாய்ச் சூடேற்றினால் உருகும், பார்த்திருக்கிறாள்.
ஆனால் அதுவரை காத்திருக்கும் குணம் அதற்கில்லை.
கல்லாய்க் கிடந்தது நேரே எழுந்துவிடும்
கத்தரிப்பூ நிறத்தில்.

பதங்கமாதல் என்கிறோம்.
பதங்கத்துக்கு விட்டில் என்றும் ஒரு பொருள் உண்டு.
விட்டில் விளக்கைத் தேடும்.
இது தேடுவது விரல் விட்டுப்போன எண்ணெயை,
அதிலும் புதிதாய் விட்டதை. பழையது இதற்குப் பிடிக்காது.

முதலில் இடது ஓரத்தில் ஒரு மங்கல்.
பிறகு நான்கு விரல்கள், பழுப்பாய், விரித்தபடி:
வலக்கை எழுதுகையில் தாள் நகராதிருக்க
அழுத்திப் பிடித்த இடக்கை.
ஒவ்வொன்றும் அவரைக்கொட்டை அளவு.

ஹிமேனா அளவுகோலை எடுத்தாள்,
வைத்தாள்.
கோப்பைப் புரட்டினாள்.
மனைவி: கைநாட்டு.
மகள் நயாரெத்: ஒன்பது வயது, நான்காம் வகுப்பு.

கேமரா முக்காலியில் தயார்.
கஞ்சித்தண்ணீர்ப் புட்டியும் கையெட்டும் தூரத்தில்;
தெளித்தால் ரேகை நீலக்கறுப்பாய் நின்றுவிடும்,
தெளிக்காவிட்டால் வந்த வழியே போகும்.
பேழையைத் திறந்தாள்.
விசிறியைப் போட்டாள்.
காப்பி எடுத்துவரப் போனாள்.

திரும்பியபோது சுண்டுவிரல் இல்லை.
மோதிரவிரல், தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்படி.
நடுவிரலுக்கு இன்னும் கால்மணி பிடித்தது.
ஆட்காட்டி விரல்தான் பிடிவாதம்,
விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் உயர்த்துவது போல.
காப்பி ஆறிப்போனது.

அறிக்கை: ‘நான்கு பத்து மணிக்குத் தாளில்
புலப்படும் ரேகை எதுவுமில்லை.’
நான்கு பத்துக்கு அது உண்மை.

பிறகு கையுறை கழற்றி, வழக்கத்துக்கு மாறாக,
வெறுங்கையால் கடிதத்தை மடித்தாள்,
இடது ஓரத்தை நன்றாகத் தேய்த்து.
இனி யார் புகையிட்டாலும் முதலில் எழுவது அவள் கை.

மாலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்தபோது கவனித்தாள்,
நகக்கண்ணில் பழுப்பு.
எலெயுதேரியோவின் சட்டைகளில் இதே கறை இருந்திருக்கும்.
பெர்னார்தாவுக்குத் தெரியும்:
துவைத்துப் பயனில்லை,
வெளியே கொடியில் போட்டுவிட வேண்டும்.