முக்காலி

ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை மதகடிக்குப் போகிறேன்,
மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற வேலை.
ஆவடியில் பஸ் இறங்கி ஷேர் ஆட்டோ,
ஆட்டோ திரும்பிக்கொள்ளும் புளியமரத்திலிருந்து
ஏரிக்கரை மேல் இருபது நிமிட நடை.
இடப்பக்கம் தண்ணீர்.
வலப்பக்கம், கரைக்குக் கீழே, ஊர்:
முப்பத்தேழு வீடு, ஒரு மாதா கோயில்,
ஒரு மோட்டார் ரூம்.

இங்கே எல்லா மீட்டரும் என் தலைக்கு மேலே.
அந்த டிசம்பருக்குப் பிறகு ஏற்றிக்கொண்டார்கள்.
கலங்கல் ஓரத் தெருவில் ஏழரை அடி,
நடுத்தெருவில் ஏழு,
மாதா கோயில் மேட்டில் ஆறு.
இந்த ஊரின் மேடு பள்ளம் தெரிய சர்வேயர் வேண்டாம்.
பெட்டிகள் எல்லாம் ஒரே மட்டம்தான்,
தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு சாண் மேலே.
தரைதான் ஏறி இறங்குகிறது.

முதலில் வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுத்தார்கள்,
கவிழ்த்த அண்டா, பால் கேன்,
கால் ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல்.
ஒருநாள் விழப் பார்த்தேன்.
அன்றிலிருந்து மோகனாம்பாள்
தன் வீட்டு முக்காலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு
கடைசி வீடு வரை கூடவே வருகிறாள்.
நான் ஏறியதும் கணுக்காலைப் பிடித்துக்கொள்வாள்.
"வுழுந்தா எங்க மேலதான் கேஸு வரும்."

ஐப்பசியில் கரையோரம் முழுக்க நத்தைகுத்தி நாரைகள்.
பங்குனியில் ஏரி ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்,
பையன்கள் நடுவில் ஸ்டம்ப் நடுவார்கள்.
பந்து சேற்றில் விழுந்தால் ரெண்டு ரன், அவ்வளவுதான்.
தண்ணீர் எங்கே என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை.
ஏரி இறங்க இறங்க
மோட்டார் ரூம் யூனிட் ஏறும்.

துலுக்கானம் வீடு மட்டும் பழைய மாதிரியே,
மீட்டர் என் நெஞ்சுக்கு நேர்.
தெர்மோகோல் தெப்பத்தில் வலை போட்டுவிட்டு
ஈரக் கையோடு வந்து நிற்பார்,
பக்கெட்டில் நாலு ஜிலேபி துடிக்கும்.
ஏன் ஏற்றவில்லை என்று கேட்டேன்.
"தண்ணி வந்தா நானே மேட்டுக்குப் பூடுவேன்.
மீட்டரு நனைஞ்சா நனையட்டுமே,
ஒரு மாசம் பில்லு மிச்சம்."
அப்படியெல்லாம் மிச்சமாகாது என்று
சட்டத்தைச் சொன்னேன்.
மீன் வேண்டுமா என்றார்.

போன தடவை என் பட்டியலில்
முப்பத்தொன்பது இணைப்புக்குக் கீழே
புதிதாகப் பதினாலு.
முகவரியில் மதகடி என்றுதான் இருந்தது.
மோகனாம்பாளிடம் காட்டினேன்.
எழுத்துக்கூட்டிப் படித்து, சிரித்து,
என்னைக் கரையில் ஏற்றி
அந்தப் பக்கம் இறக்கினாள்.
இடப்பக்கம்.

உள்வாய்க்குள்
செம்மண் அடித்து மட்டமாக்கியிருந்தார்கள்.
கம்பிவேலி, கேட், ஈச்சங்கன்றுகள்,
பால்கனி வைத்த பதினாலு வீடு.
ரெண்டில்தான் குடி வந்திருந்தார்கள்.
ஒரு பெண் கதவைத் திறந்து
"ஏரிக் காத்து, ஃபேனே தேவையில்ல மேடம்" என்றாள்.
காலடியில் எனக்கு
ஒரு நத்தை ஓடு நொறுங்கியது.

மீட்டர் புதுசு, பளபளவென்று,
வாசற்படிக்குப் பக்கத்தில்.
இந்த ஊரில் முதல் தடவையாகக்
குனிந்தேன்.

தூக்கி வந்த முக்காலியைக் கீழே போட்டு
மோகனாம்பாள் அதில் உட்கார்ந்தாள்.
கையை நீட்டி
தரையிலிருந்து பெட்டிவரை முழம் போட்டாள்.
"ஒண்ணே முக்கா."

என் மெஷினில் உயரத்துக்குக் கட்டம் இல்லை.
யூனிட் பன்னிரண்டு
என்று போட்டேன்.