தண்ணி பார்க்கப் போன அன்று

பாலாற்றில் தண்ணீர் என்று
ஊரே பாலத்துக்கு வந்திருந்தது.
கைப்பிடிச் சுவரில் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தி
"பாரு, இதான் ஆறு" என்றார்கள்,
பிறந்ததிலிருந்து மணலை ஆறென்று நம்பிய பிள்ளைகளிடம்.

நாங்கள் நால்வரும் விருதம்பட்டுப் பக்கம் சாய்ந்து நின்றோம்.
ஆளுக்கொரு சுட்ட சோளம். உதடெல்லாம் மிளகாய்த்தூள்.
"இதுல தண்ணி வராதுன்னு
பத்து வருஷமா சத்தியம் பண்ணவன் நீதான்"
என்றான் எபநேசர்.
"அடுத்த வருஷம் பாரு" என்றான் தணிகாசலம்,
கண்ணெதிரே ஓடினாலும் ஒப்பாதவன்.

பழைய சண்டை அங்கிருந்து பற்றிக்கொண்டது.

தணிகாசலம் லாட்ஜில் கணக்கு எழுதுகிறான்,
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்.
"கல்கத்தாலேர்ந்து வந்து எறங்கசொல்ல ஏழு பேர்.
மொத வாரம் ரெண்டு ரூம்.
மூணாவது வாரம் ஒண்ணு, அண்ணங்காரனுக்கு லீவு முடிஞ்சிடும்.
அப்பால ஒரு கட்டிலு, ஒரு ஸ்டவ்வு, ஒரு பொண்டாட்டி.
பாசத்துக்கும் வாடகை கீதுபா.
கட்ட முடியாதவன் காலி பண்றான்."

"அந்த ஒருத்தி இருக்காளே" என்றேன்.
"அவளுக்குப் போக எடமில்ல."

எபநேசர் ரத்த வங்கியில் இருபத்தோரு வருஷம்.
ஊசியைக் கண்டதும் கழிவறைக்கென்று போய்
பஸ் ஏறிவிட்ட தகப்பனைப் பார்த்தவன்.
மூன்று மாதத்துக்கொரு முறை வந்து கையை நீட்டிவிட்டு
பிஸ்கட்டை மகளுக்கென்று சட்டைப்பையில் போடும்
ஆட்டோக்காரனையும் பார்த்தவன்.

"அவன் பிஸ்கட்டுக்கு வர்றான்" என்றான் தணிகாசலம்.
"எடுக்கறது முந்நூத்தம்பது மில்லி.
பிஸ்கட்டு அஞ்சு ரூபா.
இந்த யாவாரத்த நீ பண்ணுவியா?"

நான் எப்போதும் மனுஷன் நல்லவன் கட்சி.
வண்டிக்கடன் வசூல் என் பிழைப்பு.
கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்பவர்களை
வாசல் செருப்பை வைத்தே எண்ணத் தெரியும்.
இருந்தும் சொன்னேன்:
"பாதிப் பேரு கேக்காமலே கட்டிடறாங்க.
அந்தப் பாதிக்கு இன்னா பேரு வைப்ப?"

நிசார் அதுவரை
சோளக்கட்டையில் மிச்சமிருந்த மணிகளை
ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தான்.
மேல்விஷாரத்தில் தோல் தரம் பிரிக்கிறவன்.
விரலை ஒருமுறை ஓட்டினால் போதும்,
முள்வேலி கிழித்த மாடா, உண்ணி தின்ற மாடா
என்று சொல்லிவிடுவான்.
"தழும்பில்லாத தோலு நான் பாத்ததில்ல" என்றான்.
"சாயம் போட்டு மறைச்சிட்டு
ஃபினிஷிங்னு பேரு வைக்கறோம்."
சிரித்தோம்.

பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னான்:
"நெசம் ஒண்ணே ஒண்ணுதான்பா.
குடுத்த காசக் கேட்டா சினேகிதன் போயிடுவான்.
கேக்கலன்னா காசு போயிடும்.
எது போனா தூக்கம் வரும்னு
அவனவன் பாத்துக்கணும்."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி
நாலு காலையும் வானத்துக்கு நீட்டிக்கொண்டு
பாலத்துக்கடியில் போனது.

பதினெட்டாயிரம். நாலு வருஷம்.
மற்ற இருவருக்கும் தெரியாதென்றுதான் நினைத்திருந்தேன்.
எபநேசர் திடீரென்று
அந்த நாற்காலி எந்த ஊர்க் கல்யாண மண்டபத்துடையது என்று
நிறையப் பேச ஆரம்பித்தான்.
தணிகாசலத்துக்குக்கூட மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

டீக்கு நான் பர்ஸை எடுத்தேன்.
"வை" என்றான் நிசார்.

கஸ்பா வரைக்கும் அவன் வண்டியில் பின்னால்.
கிரீன் சர்க்கிள் சிக்னலில்
அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்:
"நிசாரு, அந்தப் பதினெட்டு..."
பெங்களூர் லாரி ஒன்று அலறிக்கொண்டு கடந்தது.
"இன்னா?"
"ஒண்ணுமில்ல. பாத்து ஓட்டு."

என் வாசலில் இறங்கினேன்.
அவன் எஞ்சினை அணைக்கவில்லை.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து,
"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றான்.
கியரைத் தட்டிவிட்டு,
"நாளைக்குத் தண்ணி இன்னும் ஏறுமாம்.
வர்றியா?"