நூறு தப்படி

சமையல் கூடாரம் காற்று போகிற பக்கம்.
அங்கிருந்து நூறு தப்படியில் எங்கள் படுக்கை.
நடுவில் ஒரு பருக்கை சிந்தக் கூடாது,
ராயிசாவின் சட்டம்.

கம்சாத்காவின் இந்த மேட்டில் மரங்கள் குள்ளம்.
கட்டித் தொங்கவிட்டால்
கரடிக்குப் பரிமாறியதாகிவிடும்.
ஆகவே இரும்புப் பீப்பாய்.
உப்பிட்ட சால்மன், ரவை, டின்பால்,
எல்லோருடைய பற்பசையும்,
ரொதியோன் எவ்வளவோ கெஞ்சியும் தப்பாத
மீசை மெழுகும்.
மூடியைப் பூட்டி, ஓர் உதை விட்டுப் பார்ப்பாள்.

நடுச்சாமம். மழை விட்டிருந்தது.
ஆற்றில் ஏதோ கனமாக இறங்கி நடந்தது.
இருமல் வந்து சட்டைப்பையைத் துழாவினேன்:
தேன் மிட்டாய்.
ஒன்றே ஒன்று.

வெளியே நூறு தப்படியும் இருட்டு.
எறிந்தால் கூடாரத்தின் காலடியில் கிடக்கும்.
வைத்திருந்தால் என்னோடு படுக்கும்.

தின்றுவிட்டேன்.

விடியும்வரை வாயைப் பொத்திக் கிடந்தேன்,
மூடி பொருந்தாத பீப்பாயாக.
காகிதம் காலுறைக்குள் சரசரத்தது.

காலையில் மணலில் தடங்கள்,
ஒவ்வொன்றும் என் இரு கை அகலம்.
பீப்பாயைச் சுற்றியிருக்கிறது, புரட்டியிருக்கிறது.
பிறகு எங்கள் பக்கம் திரும்பி
கொஞ்சம் நின்றிருக்கிறது.

ராயிசா தடத்தை அளந்து எழுதிக்கொண்டாள்.
நிமிராமலே சொன்னாள்:

“வரிசையாக வாருங்கள்.
வாயை ஊதுங்கள்.”