சப்பத்தண்ணி

சென்னிமலை ரோட்டில்
எங்கள் கல்லூரியின் பின்கட்டு அறை.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறோம்.

பெர்குளோரிக் அமிலத்தில் கரைந்த யுரேனில் அயனி
குவார்ட்ஸ் குப்பியில் ஒரு விரல் உயரம்.
மஞ்சள் என்றதும் ஈரோட்டு மண்டியை நினைக்காதீர்கள்,
அத்தனை அடர்த்தி கிடையாது.
மஞ்சள் அரைத்த அம்மியை
மூன்றாந்தடவை கழுவின தண்ணீர்.

நானூற்றுப் பதினான்கில் ஊதாவை உள்ளே விட்டால்
பச்சையாகத் திருப்பித் தரும்.
ஒரேயடியாகத் தராது, படியிறங்கித் தரும்:
நானூற்று எண்பத்தெட்டு,
ஐந்நூற்றுப் பத்து,
ஐந்நூற்று முப்பத்து மூன்று.
இரண்டு பக்கமும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு
நடுவில் யுரேனியம் நிற்கிறதல்லவா,
அந்தப் பிடி இழுத்து விடும் அதிர்வுதான்
படிக்கும் படிக்கும் நடுவே உள்ள தூரம்.
திரையில் இதை முதலில் பார்த்த அன்று
நான் சாப்பிடப் போகவில்லை.

வியாழக்கிழமை பச்சை வரவில்லை.

விளக்கை மாற்றினேன்.
கண்ணாடிகளைத் துடைத்தேன்.
கரண்டைச் சந்தேகித்தேன்.
உறிஞ்சல் கோடு மட்டும் மயிரிழை பிசகாமல் அப்படியே.
மஞ்சள் இருக்கிறது, வாங்கியும் கொள்கிறது,
திருப்பிக் கொடுக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

"ஏனுங் தேவராசு, கேன்ல என்ன தண்ணி?"
"டிஸ்டில்டு தீந்துபோச்சுங்க்கா.
போர்த்தண்ணியத்தான் வடிகட்டி ஊத்துனேன்,
கண்ணாடியாட்டம் இருந்துச்சுங்."

கண்ணாடியாட்டம்தான் இருந்தது.
வெளியே எடுத்துப் போய்
ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன்.
எண்ணூறு அடிச் சப்பத்தண்ணி.
குளோரைடு.

கிளர்ந்த அயனிக்கு ஆயுள் சில மைக்ரோ விநாடி.
அதற்குள் ஒரு குளோரைடு வந்து உரசினால் போதும்,
பச்சை வெறும் சூடாகி
அமிலத்தோடு அமிலமாகிவிடும்.

இந்தப் படிப்புக்கு முன்னால் நான்கு வருடம்
திருப்பூர்ச் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்த்தவள் நான்.
அங்கேயும் ஒரு கருவி, அங்கேயும் நேனோமீட்டர்.
லிட்டருக்கு அறுபது கிராம் உப்பு,
சாயம் பருத்தியைப் பிடிக்க வேண்டுமே.
கார்டில் எழுதி
ச. ரத்தினாத்தாள் என்று கையெழுத்துப் போடுவேன்.
துணி கப்பலேறும்.
உப்பு எங்கே போகிறதென்று எழுத
கார்டில் கட்டம் கிடையாது.

வெள்ளிக்கிழமை முழுக்க
நல்ல தண்ணியில் புதிதாகக் கரைத்து
தெரிந்த உப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பங்கு மங்கல்.
புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன.
தேவராசுவின் கேன்
அந்தக் கோட்டில் எங்கே உட்காரும் என்று பார்த்தோம்.
காகிதம் பத்தவில்லை, இன்னொன்று ஒட்டினோம்.

"இதைய சிங்க்ல கொட்டீரலாமுங்களா?"

"யுரேனியம்ப்பா.
சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகக் கூடாது"
என்று சொன்னது என் வாய்தான்.

கழிவுப் புட்டியில் ஊற்றி
மூடியை இறுக்கி
பதிவேட்டில் மில்லிகிராம் கணக்கு எழுதினேன்.
கடைசிக் கட்டத்தில் கையெழுத்து.
'ள்'ளின் வாலை நீட்டி இழுக்கும் அதே பழக்கம்.