பரோல்

தாளில் அந்தச் சொல்லைப் பார்த்ததும்
அம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.
'பரோலா?
யாரடி குத்திட்டு வந்திருக்க?'

காசிமேட்டில் எல்லாருக்கும் தெரிந்த சொல்தான்.
எதிர்வீட்டு அல்போன்ஸ்
தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று நாள்
புழலிலிருந்து அதில்தான் வந்தான்.
பந்தியில் அவனுக்குப் பக்கத்து இலையில்
காவலர் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டார்,
இரண்டு முறை ரசம் கேட்டார்.

என்னோடு காவலர் வரவில்லை.
ஒரு தாள். அதில் மார்பளவு நான்,
சிரிக்கக் கூடாது என்று சொன்னதால்
சிரிக்காத நான்.

ஜோயலைக் கட்டி இருபத்தாறு மாதம்.
நிரந்தரமாக இருந்துகொள் என்று
அவர்கள் இன்னும் சொல்லவில்லை.
இருக்காதே என்றும் சொல்லவில்லை.
நடுவில் அந்த நாட்டைவிட்டு வெளியே போனால்
கேட்டதே கேட்காததாகிவிடும்.
போயே தீரவேண்டும் என்றால்
இந்தத் தாள் வேண்டும்,
அவசரம் என்றால் ஆதாரம் வேண்டும்.

அம்மாவின் நெஞ்சை அனுப்பினேன்.
ஸ்டான்லியில் எடுத்த ஆஞ்சியோ,
அடைப்பு எழுபது சதவீதம் என்ற வரிக்கு
மஞ்சள் கோடு போட்டு.
'எழுபது போதுமா?' என்றான் ஜோயல்.
அன்றிரவு அவனோடு பேசவில்லை.
தொண்ணூறு என்றிருந்தால் சீக்கிரம் கிடைக்குமோ என்று
நானும்தான் நினைத்திருந்தேன்.

தாள் வந்தபோது அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து
பதினோரு வாரம்.
ஆட்டோவிலிருந்து நான் இறங்குகிறேன்,
அவள் வாசலில் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.
'ரொம்ப அவசரமா வந்துட்ட.'

கல்மண்டபம் ஜெராக்ஸ் கடையில் பையன்
'லேமினேட் போட்டுடவாக்கா, முப்பது ரூபா' என்று
தாளைப் பாதி உறைக்குள் நுழைத்துவிட்டான்.
நான் போட்ட சத்தத்தில்
ஷேர் ஆட்டோ ஒன்று எனக்காக நின்றது.

ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
இத்தாள் இருப்பதனாலேயே
உள்ளே விடுவோம் என்று உறுதி இல்லை,
அது வாசலில் நிற்கும் அதிகாரியின் முடிவு.
'அப்ப எதுக்கு இது?'
'கதவு வரைக்கும் போகலாம்மா.'
'கதவு வரைக்கும் நாய்கூடப் போகும்' என்று
திரும்பிப் படுத்தாள்.

கொஞ்சம் கழித்து, இருட்டில்:
'காலைல ரேஷன் கடைக்கு வா.
கார்டுல இருக்கிற எல்லாரும் விரல் வைக்கணுமாம்.'
'என் பேர் இன்னுமா இருக்கு?'
'எங்க போயிடுச்சு?'
'எடுக்கணும்மா. அங்கயே இருக்கிறவங்க பேர...'
'உங்கப்பா பேர எடுத்தாச்சு. அது போதும்.'

போன ஜூலையில்.
அப்போது என்னிடம் தாள் இல்லை.

அங்கே கையுறை போட்ட ஒரு பெண்
என் பத்து விரலையும் ஒவ்வொன்றாக உருட்டினாள்,
நீ அழுத்தாதே, விரலை என்னிடம் விட்டுவிடு என்றாள்.
இங்கே எடை போடும் அக்கா
'நல்லா அமுக்கும்மா' என்கிறாள்.
பொருந்தவில்லை என்றது கருவி.
மறுபடி. பொருந்தவில்லை.
வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
'தலையில தேச்சிட்டு வை.'
என் தலையில் எண்ணெய் ஏது?
அம்மா என் கையைப் பிடித்து இழுத்து
தன் வகிட்டில் தேய்த்தாள்,
அரிசிக்குக் கல் பார்க்கிற அதே எரிச்சலோடு.
கருவி 'கீச்' என்றது.
'பெனடிக்டா, சரி. அடுத்தது யாரு?'

அரை கிலோ சர்க்கரை என் பங்கு.
இத்தனை நாளும் அதில்தான் அவள் டீ போட்டிருக்கிறாள்.

வியாழன் பின்னிரவில் விமானம்.
பீரோவிலிருந்து தாளை எடுத்தபோது பார்த்தேன்,
என் படத்துக்குக் கீழே, ஓரமாக,
ஒரு விரலளவு எண்ணெய்.
ரேஷன் கடையிலிருந்து வந்த கையோடு
தேதியைச் சரிபார்த்தது நான்தான்.
பவுடர் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை.
வெளிச்சத்தில் பிடித்தால்
அந்த இடம் மட்டும்
கண்ணாடி போலத் தெரிகிறது.

ஜோயலிடம் சொல்லவில்லை.
கதவருகே கேட்டால்
அப்போது சொல்லிக்கொள்கிறேன்.