ஆறு போல்ட்டுகள்

அந்த ஆகஸ்ட் குளிரில்
என் வேலை மிகச் சிறியது:
ஆறு போல்ட்டுகளைக் கழற்றுவது.

இதற்குக் கீழே சாய்க்காதே என்று
அந்த இரும்புக் கிண்ணத்தைக் கட்டியவர்கள்
சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.
நிலா அதைப் படித்ததாகத் தெரியவில்லை.
ஐந்து நாள் பிறை
தாழ, இன்னும் தாழ,
கோதுமை வயல்களின் விளிம்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
அதன் பாதையில்
பெயரில்லாத, எண் மட்டுமே உள்ள ஏதோ ஒன்று
ரேடியோ அலைகளில் இரைந்துகொண்டிருந்தது,
எங்கிருந்து என்று ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாமல்.
நிலா அதை மறைக்கும் நொடியும் விடும் நொடியும் கிடைத்தால்
வீட்டு எண்ணோடு விலாசம் சொல்லிவிடலாம் என்றார்கள்.

நான் டெஸ் கிரிம்ஷா. ஃபிட்டர்.
எனக்குத் தெரிந்த வானம்
நாளைக்கு மழை உண்டா இல்லையா என்பதோடு முடிந்தது.

ஆஸ்குட் அரத்தைப் பிடித்தான், நான் விளக்கைப் பிடித்தேன்.
குறுக்கே நின்ற எஃகை ராவினோம்.
துகள்கள் உறைபனிமேல் விழுந்தன.
"இது விழுந்தால்," என்றான் ஆஸ்குட்,
"நம் சம்பளத்தில் எத்தனை நூற்றாண்டு பிடிப்பார்கள்?"

சாலையில் என் மைத்துனி ஈனிட்
லாந்தரோடு நின்று லாரிகளை மறித்தாள்.
என்ஜின் பொறி ஒன்று போதும், காகிதம் கெட்டுவிடும்.
"நட்சத்திரத்துக்காகவா என் ஆடுகள் விறைக்கின்றன?" என்று
கத்திய ஓட்டுநர்
கத்தி முடித்து, சாவியைத் திருப்பி அணைத்தார்.
இருட்டில் ஆடுகள் இருமின.
இருமல் காகிதத்தில் பதியாது.

கிண்ணம் சாய்ந்தது.
பேனா ஓடியது.
கோடு சரிந்தது, ஒரே அடியாக அல்ல:
ஒரு படி,
மூச்சு விடும் நேரம்,
இன்னொரு படி.
கருவி அறையில் யாரோ மெதுவாகச் சொன்னார்: "இரண்டு."
ஒன்று என்று நினைத்தது இரண்டாக இருந்தது,
மையமும் அது துப்பிய தாரையும்.

மாதங்கள் கழித்து, வேறொரு கண்டத்து மலையில்,
அந்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தார்கள்.
மங்கலாக, நீலம் பூசிய ஒரு புள்ளி.
பழைய கண்ணாடித் தகடுகளிலெல்லாம்
நட்சத்திர முகத்தோடு நின்றிருந்ததுதான்.
ஒளியைப் பிரித்தால் யாருக்கும் பழக்கமில்லாத கோடுகள்.
பிறகுதான் பிடிபட்டது:
ஹைட்ரஜன்.
நம் தேநீர்க் கெட்டிலில் கொதிக்கும் அதே ஹைட்ரஜன்,
வரிசை கலையாமல் ஆறு நாற்காலி தள்ளி
சிவப்புப் பக்கமாக உட்கார்ந்த குடும்பம்போல.
அத்தனை தள்ளி என்றால் அத்தனை தூரம்:
இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால்.
அந்த ஒளி கிளம்பியபோது
புல் இல்லை. புல் இல்லாததால் ஆடும் இல்லை.
ஆட்டுக்காரரின் கோபமும் இல்லை.

குவாசார் என்ற பெயர் பின்னால் வந்தது.
நட்சத்திரம் போல என்று பொருளாம்.
அந்தப் 'போல'வை மட்டும்
இன்னும் யாரும் கழற்றவில்லை.

நடுவில் இருப்பது இருட்டு என்கிறார்கள் இப்போது,
கோடிக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள இருட்டு.
அது ஒளிர்வதில்லை.
அதன் வாய்க்கு முன்னால்
நெருக்கியடித்து, உரசி, சூடேறிச் சுழல்கிறதே,
அந்தக் கூட்டம் ஒளிர்கிறது,
ஒரு விண்மீன் மண்டலத்தையே மங்கடித்து.
இதைப் புரிந்துகொள்ள நான் படித்திருக்க வேண்டியதில்லை.
சாணைக்கல்லில் வைத்தால் பொறி பறக்கும்.
பறப்பது கல் அல்ல,
இரும்பு, தான் இழப்பதை.

மறுநாள் காலை ஐந்தைத் திரும்ப முடுக்கினேன்.
ஆறாவதற்கு மரை தேய்ந்திருந்தது;
புதிதாக ஒன்று போட்டேன்.
பழையதைப் பதிவேட்டில்
'தொலைந்தது' என்று எழுதினேன்.
அது பொய்.