பதினேழாவது கேள்வி

மாதனூர் தாண்டி சர்வீஸ் ரோட்டில் கம்பெனி.
ஒரு நாளைக்கு நாலாயிரம் என்று பேசி
வாயை வாடகைக்கு விட்டிருந்தேன்.
தணிக்கைக்கு வந்த வெள்ளைக்காரர் கேட்பதைத் தமிழாக்க வேண்டும்,
பெண்கள் சொல்வதை ஆங்கிலமாக்க வேண்டும்.
நடுவில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று காலைதான் பிரித்த கையுறைகள்
மடிப்புக் கலையாமல் விரல்களில் விறைத்து நின்றன.
முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பூட்டு.
சாவி யாரிடம் என்று கேட்டார் அவர்.
மூன்று பேர் மூன்று திசையைப் பார்த்தார்கள்.
சொல்யூஷன் வாடைக்கு மேல்
மல்லிகை ஸ்பிரே அடித்திருந்தார்கள்.
ஆம்பூரில் மல்லிக்கா பஞ்சம் என்று
எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

பின்வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ
மூட்டை மூட்டையாக ஷூவின் அப்பர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.
ஜோடி பதினொரு ரூபாய்க்கு வீட்டில் தைக்கிற
தில்ஷாத்துக்கும் அவள் தெருவுக்கும்.
பட்டியலில் அந்தத் தெரு இல்லை.
பட்டியலில் இல்லாததை மொழிபெயர்க்க
எனக்குச் சம்பளமும் இல்லை.

குணவதி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.
பல்லலக்குப்பம்.
விடியுமுன் நாலே முக்காலுக்கு வண்டி ஏறுகிறவள்.
குடிநீர் இருக்கிறதா? ஆமாங்க சார்.
இஷ்டப்பட்டுத்தான் ஓவர்டைம் பார்க்கிறீர்களா? ஆமாங்க சார்.
யாராவது திட்டினால் புகார்ப் பெட்டி எங்கே என்று தெரியுமா?
ஆமாங்க சார்.
பதினாறு கேள்விக்கும் ஒரே பதில்.
எனக்கு வேலை சுலபம்.

பதினேழாவது:
கழிப்பறைக்கு நினைத்த நேரத்தில் போக முடிகிறதா?

குணவதி என்னைப் பார்த்தாள்.
அவரை இல்லை, என்னை.
“லைனுக்கு ஒரு டோக்கன் சார். லைன்ல அறுபது பேரு.
போனவ வந்து குடுத்தாத்தான் அடுத்தவ போவணும்.
அதான் நாங்க யாரும் தண்ணியே குடிக்கிறதில்ல.”

“முறை வைத்து ஒழுங்காகப் போகிறார்கள்” என்றேன்
ஆங்கிலத்தில்.
அந்த மொழியில் அது அழகாகவே இருந்தது.
அவர் டிக் அடித்துப் பக்கத்தைத் திருப்பினார்.

கண்ணாடிக்கு அப்பால் மேனேஜர் நின்றிருந்தார் என்று சொல்லலாம்.
பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் பாக்கி என்றும்.
ரெண்டும் நிஜம்தான்,
ரெண்டாலும் சொல்லவில்லை.
பஸ் பாலாற்றுப் பாலம் ஏறும்போது
டிரைவர் முதல் கைக்குழந்தைக்காரி வரை
ஜன்னலை இழுத்து மூடுகிறோமே,
யாரும் யாருக்கும் சொல்லித் தராமல்,
அந்தக் கைதான் அன்றைக்கு
என் வாய்க்குள் இருந்தது.

ஏழு மாதம் கழித்து
வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, சிறுநீரகப் பிரிவு.
என் மாமனாருக்காகப் போயிருந்தேன்.
பெஞ்சில் குணவதி. கையில் டோக்கன்.
இங்கே ஆளுக்கு ஒன்று தருகிறார்கள்.
“சார், அன்னிக்கு நல்லா பேசுனீங்க.
டாக்டரம்மா கேரளா போல, பேசுறது பாதி புரியல.
கூட வந்து நீங்க கொஞ்சம் சொல்றீங்களா?”
குத்திச் சொன்னாளா என்று முகத்தில் தேடினேன்.
இல்லை. நம்பித்தான் கேட்டாள்.

ஏன் இத்தனை வருஷம் தண்ணீர் குடிக்கவில்லை என்று
டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.
குணவதி மறுபடி என்னைப் பார்த்தாள்.

லைனுக்கு ஒரு டோக்கன், டாக்டர்.
லைனில் அறுபது பேர்.
போனவள் வந்து கொடுத்தால்தான் அடுத்தவள்.
ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.
டாக்டர் பேனாவை ஒரு நொடி நிறுத்தினார்.
பிறகு எழுதினார்:
நாளைக்கு மூன்று லிட்டர்.

வெளியே வரும்போது போனில் செய்தி.
திங்கட்கிழமை மறுதணிக்கை,
அதே ரேட், வருகிறீர்களா.
பதில் போடாமல் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கி
குணவதியிடம் நீட்டினேன்.
நாக்கு நனைகிற அளவு குடித்துவிட்டு
இறுக்கி மூடினாள்.

“ஊருக்கு ரெண்டு மணி நேரம் பஸ்ஸு சார்.”